புதிய ஆளுநரும் மக்கள் சந்திப்பும்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு மாநிலத்துக்குப் புதிய ஆளுநர் வரும்போது செய்திகளில் நாம் காண்பவை ஏறக்குறைய ஒரே மாதிரியானவை: விமான நிலைய வரவேற்பு, காவல்துறையின் அணிவகுப்பு மரியாதை, உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி செய்துவைக்கும் பதவிப் பிரமாணம், பிறகு தேநீர் விருந்து. அந்தப் பிரமாணத்தின் வாசகத்தைக் காது கொடுத்துக் கேட்பவர்கள் குறைவு. அரசியலமைப்பையும் சட்டத்தையும் பேணிக் காப்பதாகச் சொல்வதோடு, அந்த மாநில மக்களின் பணிக்கும் நல்வாழ்வுக்கும் தம்மை ஒப்படைப்பதாகவும் ஆளுநர் உறுதி கூற வேண்டும் என்று அரசியலமைப்பின் 159ஆம் உறுப்பு வகுத்திருக்கிறது. அமைச்சர்களின் பிரமாணத்தில்கூட இந்தச் சொற்கள் இல்லை. ஆகவே, பதவியேற்ற சில வாரங்களிலேயே மாவட்டம் மாவட்டமாகப் புறப்படும் ஓர் ஆளுநரைப் பார்த்து, இவருக்கு இது என்ன வேலை என்று எடுத்த எடுப்பில் கேட்டுவிட முடியாது.

ஆனால் அந்த உறுதிமொழியை மட்டும் வைத்துக்கொண்டு அவர் ஆட்சி நடத்தவும் முடியாது. அமைச்சரவையின் உதவியோடும் ஆலோசனைப்படியும் நடக்க வேண்டும் என்கிறது 163ஆம் உறுப்பு. அரசியலமைப்பு வெளிப்படையாக ஒதுக்கியிருக்கும் சில சூழல்கள் தவிர மற்றவற்றில் அந்த ஆலோசனையே அவரைக் கட்டுப்படுத்தும் என்பதை உச்ச நீதிமன்றம் 1974இல் சம்ஷேர் சிங் வழக்கில் தெளிவாக்கியது. ஆளுநரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கலாம் என்ற யோசனையும் அரசியல் நிர்ணய சபையில் ஒரு காலத்தில் இருந்தது. வாக்குப் பெற்ற முதலமைச்சர் ஒருவர், வாக்குப் பெற்ற ஆளுநர் ஒருவர் என்று இரண்டு பேர் ஒரே மாநிலத்தில் இருந்தால் மோதல் தவிர்க்க முடியாதது என்ற கவலையும் சேர்ந்தே 1949இல் அந்த யோசனையைக் கைவிட வைத்தது. வாக்குக் கேட்டு வராத ஒருவர் மக்களிடம் போகும்போது எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்ற கேள்வி அன்றே பிறந்துவிட்டது.

தமிழ்நாட்டு நேயர்களுக்கு 2017 நினைவிருக்கும். அக்டோபரில் ஆளுநராகப் பதவியேற்ற பன்வாரிலால் புரோகித், அடுத்த மாதமே கோவைக்குச் சென்று மாவட்ட அதிகாரிகளுடன் ஆலோசனை நடத்தினார். மாநில சுயாட்சியில் தலையிடுகிறார் என்று எதிர்க்கட்சிகள் கண்டித்தன. பின்னர் அவர் சென்ற ஊர்களில் கறுப்புக்கொடிகள் காட்டப்பட்டன. மாவட்டப் பயணம் ஆளுநரின் அதிகாரத்துக்கு உட்பட்டதே என்று ஆளுநர் மாளிகை விளக்கமளித்தது. அவர் கோவைக்குப் போனதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. ஆனால் மாவட்ட ஆட்சியர் பதில் சொல்ல வேண்டிய இடம் மாநில அரசு. அவரை ஆளுநர் நேரே அழைத்து ஆலோசனை நடத்தும்போது, நோக்கம் எதுவாக இருந்தாலும், இரண்டு மேலிடங்கள் இருப்பது போன்ற தோற்றம் உண்டாகிவிடுகிறது. நிர்வாகத்தைப் பற்றி அறிய அவருக்கு வேறு வழி இல்லையென்றால் அதையும் பொறுத்துக்கொள்ளலாம். வழி இருக்கிறது. கேட்கும் விவரங்களை ஆளுநருக்குத் தர வேண்டியது முதலமைச்சரின் கடமை என்று 167ஆம் உறுப்பு சொல்கிறது.

இதே பயணம் வேறொரு மாநிலத்தில் வேறு பொருள் கொள்கிறது. 2023 பிப்ரவரியில் ஜார்க்கண்ட் ஆளுநராகப் பதவியேற்ற சி.பி. இராதாகிருஷ்ணன், முதல் நான்கு மாதங்களுக்குள் அம்மாநிலத்தின் 24 மாவட்டங்களுக்கும் சென்று மக்களையும் அதிகாரிகளையும் சந்தித்தார். ஜார்க்கண்டின் பெரும்பகுதி அட்டவணைப் பகுதி; அதாவது, பழங்குடி மக்கள் வாழும் இடம் என்று அரசியலமைப்பின் கீழ் தனியாக அறிவிக்கப்பட்ட பகுதி. அத்தகைய பகுதிகளின் நிர்வாகம் குறித்து ஆண்டுதோறும் குடியரசுத் தலைவருக்கு அறிக்கை அனுப்ப வேண்டிய பொறுப்பை அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணை ஆளுநரிடமே ஒப்படைத்திருக்கிறது. குறிப்பிட்ட ஒரு சட்டம் அங்கே பொருந்தாது என்று அறிவிக்கும் அதிகாரம்கூட அவர் பெயரில்தான் உள்ளது. வனக் கிராமத்தை நேரில் பாராமல் அந்த அறிக்கையை எழுதுபவர், கோப்பில் உள்ளதைத் திருப்பி எழுதுபவராகவே இருப்பார். அட்டவணைப் பகுதிகள் உள்ள மாநிலங்கள் பத்து. அவற்றில் பதவியேற்கும் ஆளுநர் ஊர் ஊராகச் செல்லவில்லையென்றால்தான் நான் குறை சொல்வேன். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் அப்படிப்பட்ட பகுதிகள் அறிவிக்கப்படவில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்; பழங்குடியினர் இல்லாமல் அல்ல, அறிவிப்பு இல்லாமல்தான்.

மேற்கு வங்கத்தில் சி.வி. ஆனந்த போஸ் வேறு வழியில் தொடங்கினார். 2022 நவம்பரில் ஆளுநர் பதவிக்கு வந்த அவர், 2023 ஜனவரி 26 அன்று, சரஸ்வதி பூஜை நாளில், குழந்தைகளுக்கு எழுத்தறிவிப்பது போன்ற சடங்கை ஆளுநர் மாளிகையில் நடத்தி வங்காள மொழி கற்கத் தொடங்கினார். முதலமைச்சர் மம்தா பானர்ஜியும் அதில் கலந்துகொண்டார். அந்த இணக்கம் நெடுநாள் நீடிக்கவில்லை என்பது வேறு கதை. இருந்தும், வெளி மாநிலத்திலிருந்து வரும் ஒருவர் முதல் மாதங்களில் செய்யக்கூடியவற்றுள் எவருடைய அதிகாரத்தையும் தொடாதது மொழி கற்பதுதான் என்று நினைக்கிறேன். மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் ஒரு விவசாயியிடம் பத்து நிமிடம் பேச முடிந்தால் அது பல ஆய்வுக் கூட்டங்களுக்குச் சமம்.

மனுக்கள் பற்றியும் ஒரு சொல். ஆளுநர் வருகிறார் என்றால் பட்டா, ஓய்வூதியம், சாலை என்று மக்கள் கையில் காகிதங்களோடு காத்திருப்பது இயல்பு. அவற்றில் பெரும்பாலானவற்றின் மீது அவரே ஆணை பிறப்பிக்க முடியாது. உரிய துறைக்கு அனுப்பலாம், என்ன ஆயிற்று என்று அரசிடம் கேட்கலாம். பல மாநிலங்களில் பல்கலைக்கழக வேந்தர் என்ற முறையில் மாணவர்களின் குறைகளில் மட்டும் அவருக்குச் சற்றுக் கூடுதல் இடமுண்டு. இதை மனு வாங்கும் மேடையிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடும் ஆளுநரைப் பார்த்து மக்கள் ஏமாற மாட்டார்கள். உங்கள் மாவட்டத்துக்கு அவர் வந்தால் மனுவைக் கொடுங்கள். அதன் நகலை ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்திலும் கொடுத்து ஒப்புகைச் சீட்டைப் பெற்றுக்கொள்ளுங்கள்.

நன்றி, வணக்கம்.