ஒரு கையில் ஒரே ஒரு பொருள்

எல்லோருக்கும் வணக்கம்.

கேம் செய்யக் கற்றுக்கொண்டிருக்கும் இளைஞர்கள் நிறையப் பேர் இங்கே வந்திருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு பழைய ஜப்பானிய கணினி விளையாட்டைப் பற்றிப் பேச வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. 1984-இல் வெளிவந்த 'டிராகன் ஸ்லேயர்'தான் அது. செய்தவர் யோஷியோ கியா. வெளியிட்டது நிஹோன் ஃபால்காம். டோக்கியோவுக்கு மேற்கே தச்சிகாவா என்ற ஊரில், 1981-இல் மசாயுகி காட்டோ தொடங்கிய நிறுவனம். ஆப்பிள் கணினி விற்கும் கடையாகத்தான் அது முதலில் இருந்தது.

ஒரு கதாபாத்திரமாக மாறி, அதன் பலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வளர்த்துக்கொண்டே போகும் விளையாட்டைத்தான் ஆர்பிஜி என்கிறோம். அந்த நாளில் ஆர்பிஜி என்றால் ஆப்பிள்-2 கணினியில் வந்த விசார்ட்ரியும் அல்டிமாவும்தான். உங்கள் முறையில் நீங்கள் ஆடி முடிக்கும்வரை எதிரி காத்திருப்பான். நிதானமாக யோசித்து அடிக்கலாம். ஜப்பானில் இந்த வகையைப் பரவலாக அறிமுகப்படுத்திய பிளாக் ஆனிக்ஸும் அதே பாணிதான். ஹென்க் ரோஜர்ஸ் செய்த அந்த விளையாட்டு 1984 தொடக்கத்தில் வந்தது. அதே ஆண்டு முடிவதற்குள் கியாவின் டிராகன் ஸ்லேயரும், டி அண்ட் இ சாஃப்ட் நிறுவனத்தின் ஹைட்லைடும் வந்துவிட்டன. இரண்டிலும் எதிரி காத்திருக்க மாட்டான். நாம் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மேலே வந்து விழுவான்.

டிராகன் ஸ்லேயரைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். என்இசி பிசி-8801 கணினியின் திரையில், மேலிருந்து பார்க்கிற மாதிரி ஒரு சுரங்கம். நடுவில் ஒரு சின்ன வீடு. அதுதான் நம் வீடு. சுரங்கத்தில் அங்கங்கே சக்திக் கற்கள் கிடக்கும். ஒரு கல்லைக் கண்டெடுத்தால் மட்டும் பலம் கூடிவிடாது. அதை வீட்டுக்குத் தூக்கி வந்து சேர்க்க வேண்டும். சண்டை என்பது எதிரியை நேராகப் போய் முட்டுவதுதான். முட்ட முட்ட இரண்டு பேருடைய உயிரும் குறையும். ஆக, கல்லைத் தேடிப் போவது, கொண்டுவந்து சேர்ப்பது, மறுபடியும் போவது. கடைசியில் அந்தப் பெரிய டிராகனை எதிர்த்து நிற்கும் அளவுக்கு பலம் சேர்ப்பது.

இதில் கியா ஒரு விதி வைத்தார். ஒரு நேரத்தில் கையில் ஒரு பொருள்தான் வைத்துக்கொள்ளலாம். சாவியை எடுத்தால் சிலுவை இல்லை. சிலுவையை எடுத்தால் மோதிரம் இல்லை. அந்த மோதிரம் இருந்தால் தடையாக நிற்கும் கற்களைத் தள்ளலாம், ஏன், நம் வீட்டையே தள்ளிக்கொண்டு போகலாம்! சக்திக் கற்கள் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வீட்டை நகர்த்திவிட்டால் பாதி நடை மிச்சம். ஆனால் வீட்டைத் தள்ளிக்கொண்டிருக்கும் நேரத்தில் அரக்கர்களைத் தடுக்கும் சிலுவை கையில் கிடையாது. விரல் வேகத்தை நம்பி மட்டும் இந்த விளையாட்டை ஜெயிக்க முடியாது. எதை எடுப்பது, எதை விடுவது என்ற கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும், அதுவும் எதிரி துரத்தும்போது. ஆக்‌ஷன் ஆர்பிஜி, அதாவது எதிரி காத்திருக்காத ஆர்பிஜி, என்ற வகையின் உயிர் எனக்கு இங்கேதான் தெரிகிறது.

அப்புறம் டிராகன் ஸ்லேயர் ஒரு தொடராக வளர்ந்தது. இன்றைக்கு இரண்டாம் பாகம் என்றால் அதே நாயகன், அதே உலகம், கொஞ்சம் பெரிய வரைபடம். கியா அப்படிச் செய்யவில்லை. ஒவ்வொரு முறையும் உருவத்தையே மாற்றினார். ஆனால் ஏதோ ஒன்றுக்கு அளவு வைத்து நம்மைக் கணக்குப் போட வைக்கும் பழக்கத்தை மட்டும் அவர் விடவே இல்லை.

1985-இல் வந்த சானடுவைப் பாருங்கள். ஜப்பானில் 4 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. அன்றைய கணினி விளையாட்டுக்கு அது நினைத்துப் பார்க்க முடியாத எண்ணிக்கை. அதில் அரக்கர்களின் எண்ணிக்கைக்கே வரம்பு உண்டு. கொன்றால் கொன்றதுதான், திரும்ப முளைக்க மாட்டார்கள். அரக்கர்களைக் கொன்று பெறும் அனுபவப் புள்ளிகளை வீணடித்தால் பின்னால் ஈடுகட்ட வழியில்லை. புது வாள் வாங்கினால் அதில் கை பழகும்வரை அடி பலமாக விழாது. கர்மா என்றே ஒரு கணக்கும் வைத்திருந்தார். நல்ல பிராணிகளைக் கொன்றால் அது ஏறும்; ஏறினால் நாயகனை அடுத்த பல நிலைக்கு உயர்த்தும் கோவிலில் அந்த நிலை உயர்வைத் தர மறுத்துவிடுவார்கள். கறுப்பு மருந்தைக் குடித்து அதைக் குறைக்கலாம், ஆனால் உயிரில் பாதி போய்விடும். விதியைப் படித்தாலே புல்லரிக்கிறது எனக்கு!

அடுத்தது ரொமான்சியா, 1986. பொம்மைப் படம் மாதிரி அழகாக இருக்கும், விளையாட உட்கார்ந்தால் வெறும் 30 நிமிடம்தான் அவகாசம். 1987-இல் வந்த டிராஸ்லே ஃபேமிலியில் நாயகன் ஒரு குடும்பம். அப்பா, அம்மா, பிள்ளைகள், அவர்கள் வளர்க்கும் போச்சி என்ற பிராணி. ஒரு தடவைக்கு ஒருவர்தான் வெளியே போகலாம். போச்சியை அரக்கர்கள் ஒன்றும் செய்ய மாட்டார்கள். கடைசியில் தேவைப்படும் வாளைத் தூக்க மகனால் மட்டும்தான் முடியும். அதே ஆண்டு வந்த சார்சீரியனில் வயதே அளவுகோல். நாம் வளர்த்த ஆட்களுக்கு வருடம் கூடும், கடைசியில் கிழடாகிச் சாவார்கள். மனிதன் சீக்கிரம் போய்விடுவான், எல்ஃப் என்ற கற்பனை இனத்தவன் நீண்ட நாள் இருப்பான்.

1989-இல் வந்த லெஜண்ட் ஆஃப் ஹீரோஸ், பழையபடி முறைவைத்து அடிக்கும் பாணிக்குத் திரும்பியது. 1991-இல் வந்த லார்ட் மோனார்க்கோ வியூக விளையாட்டு. லெஜண்ட் ஆஃப் ஹீரோஸ் பிறகு தனித் தொடராகவே கிளைத்தது. 2004-இல் அதிலிருந்து டிரெயில்ஸ் என்ற கிளை பிறந்தது, இன்றைக்கும் ஃபால்காம் அதைச் செய்துகொண்டிருக்கிறது.

சரி, பேசியது போதும். சானடுவைத் திரையில் போடச் சொல்லியிருக்கிறேன். விளையாட யாராவது ஒருவர் மேடைக்கு வாருங்கள். மற்றவர்கள் கர்மா எண்ணைக் கவனித்துக்கொண்டே இருங்கள்; எந்தப் பிராணியைக் கொன்றால் அது ஏறுகிறது என்று நீங்களே கண்டுபிடித்து எனக்குச் சொல்லுங்கள்.