கடிகாரம் எண்ணாத நடை

அவையில் உள்ள பெரியவர்களுக்கும், காலையில் என்னோடு பூங்காவைச் சுற்றும் நண்பர்களுக்கும் வணக்கம்.

நம் நடையாளர் சங்கத்தில் ஒருவரை ஒருவர் பார்த்ததும் கேட்கும் கேள்வி எது? "இன்றைக்கு எத்தனை அடி?" கையில் கட்டிய கடிகாரம் எண்ணிச் சொல்லிவிடுகிறது. பத்தாயிரம் ஆகவில்லை என்றால் வீட்டுக் கூடத்திலேயே சுற்றிக் கணக்கை நிரப்புகிறவர்களும் இங்கே இருக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன், முன்வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார்கள்.

அவர்களுக்காகவே ஒரு செய்தி. சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் வர்ஜீனியா ஸ்டர்ம் என்ற நரம்பியல் ஆய்வாளரும் அவர் குழுவினரும், வயது முதிர்ந்த 52 பேரை வாரம் ஒருமுறையாவது 15 நிமிடம் நடக்கச் சொன்னார்கள். எட்டு வாரம். ஒரு குழுவுக்கு வேறு நிபந்தனை இல்லை. மற்ற குழுவிடம் மட்டும், கண்ணில் படுவதைச் சிறுபிள்ளை போலப் புதிதாகப் பாருங்கள், வியக்க ஏதாவது அகப்படுகிறதா என்று தேடுங்கள் என்றார்கள். 2020இல் முடிவு வெளியானது. வியந்து நடந்தவர்களிடம் மகிழ்ச்சியும் பரிவும் கூடியிருந்தன. வேடிக்கை என்னவென்றால், அதிக முறை நடந்தவர்கள் நிபந்தனை இல்லாத குழுவினர்தாம்! அவர்களில் ஒருவர், வரப்போகும் ஹவாய்ப் பயணத்துக்கு முன் முடிக்க வேண்டிய வேலைகளை நினைத்துக்கொண்டே நடந்ததாக எழுதியிருந்தார். நமக்கு ஹவாய் இல்லை. மின்கட்டணமும் பேத்தியின் பள்ளிக் கட்டணமும் இருக்கின்றன.

என்னைக் கட்டிப்போட்டவை புகைப்படங்கள். நடையின்போது தம்மைத் தாமே படமெடுக்கச் சொல்லியிருந்தார்கள். வியந்தவர்களின் படங்களில் வாரம் போகப்போக ஆள் சிறிதாகி, பின்னாலிருந்த இடம் பெரிதானது. சிரிப்போ அகன்றுகொண்டே போனது. 'நான்' சுருங்கினால் என் கவலை உட்காரவும் இடம் குறைகிறது. அவ்வளவுதான் சங்கதி என்று நினைக்கிறேன். இதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், ஆய்வும் சிறியதுதான்.

"வியப்பைத் தேடி இமயமலைக்கா போவது?" என்று ஒருவர் கேட்டார். தொல்காப்பியர் வியப்பை மருட்கை என்கிறார். அது பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறார்: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். பெருமை சரி, மலையும் கடலும் இருக்கின்றன. சிறுமையையும் அதே வரிசையில் உட்கார வைத்தாரே, அங்கேதான் நான் அவரைக் கும்பிடுகிறேன்.

நம் ஏரிக்கரைப் பனையில் ஒரு தூக்கணாங்குருவி கூடு கட்டுகிறது. சிட்டுக்குருவி அளவு உடம்பு. ஓலையைக் கிழிப்பதும் நாரைக் கோத்து இழுப்பதும் அலகால்தான். ஆண் பறவை பாதி பின்னி நிறுத்தும். பெண் வந்து சோதித்துப் பார்க்கும். பிடித்தால்தான் மீதி வேலை. பிடிக்காவிட்டால் அத்தனை நாள் உழைப்பும் காற்றில் ஆடும்.

போன வாரம் அங்கேயே நின்றுவிட்டேன். வீடு திரும்பியபோது கடிகாரம் 1,200 அடி காட்டியது. வீட்டில் பேச்சும் வாங்கினேன். இன்று காலையும் போனேன். பாதிக் கூடு அப்படியே தொங்குகிறது. ஆண் பறவை பக்கத்து ஓலையில் முதல் நாரைச் சுற்றிக்கொண்டிருந்தது.