பதிவுகள் லட்சக்கணக்கில் வரும்போது குவெரியை எப்படி வேகப்படுத்துவது?

வணக்கம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கடையின் பில்லிங் மென்பொருளை நான் பராமரித்து வருகிறேன். அதில் ஆண்டு விற்பனை அறிக்கையைத் திறந்தாலே, அதாவது தரவுத்தளத்திடம் பதிவுகளைக் கேட்கும் கட்டளையான குவெரி ஓடினாலே, திரை உறைந்துபோகும். எந்தப் பதிவு எங்கே இருக்கிறது என்று காட்டும் இண்டெக்ஸ் போட்டால் சரியாகிவிடும் என்பதுதான் எல்லோரும் முதலில் சொல்லும் வைத்தியம். இங்கே அது பலிக்காது. டேபிளின் பெரும்பகுதியைக் கேட்கும்போது, இண்டெக்ஸ் வழியாகத் தாவித் தாவி எடுப்பதைவிட முழுவதையும் வரிசையாகப் படிப்பதே மலிவு என்று எங்கள் தரவுத்தளமான போஸ்ட்கிரெஸ் தானே கணக்குப் போட்டு, இண்டெக்ஸை ஒதுக்கிவிடும். லீ பஜார் கிடங்கில் மூட்டைகள் இருக்கும் இடம் தெரிந்தால் மட்டும் போதாது, அத்தனையையும் லாரியில் ஏற்றியாக வேண்டும் அல்லவா?

இப்போது திரையைப் பாருங்கள். குவெரி எப்படி, எவ்வளவு நேரம் ஓடியது என்று சொல்லும் எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் கட்டளை காட்டும் நேரம் மிகக் குறைவு; அதே குவெரி மென்பொருளிலிருந்து ஓடும்போது பல மடங்கு ஆகிறது. காரணம், எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் குவெரியை உண்மையிலேயே ஓட்டினாலும், கிடைத்த பதிவுகளை நமக்கு அனுப்புவதில்லை. 2024-இல் வந்த போஸ்ட்கிரெஸ் 17-ஆம் பதிப்பில் சீரியலைஸ் என்ற தெரிவைச் சேர்த்தால், பதிவுகளை அனுப்பும் வடிவத்துக்கு மாற்றும் செலவும் தெரியும். நெட்வொர்க்கில் போகும் நேரம் அப்போதும் கணக்கில் வராது.

இந்தக் குவெரி, எல்லா நெடுவரிசைகளையும் கேட்கும் செலக்ட் ஸ்டார் என்று தொடங்குகிறது. டேபிளில் கொலுசு டிசைனின் படமும் ஒரு நெடுவரிசையாக இருப்பதால், அறிக்கையில் எங்கும் காட்டாத படங்கள் ஒவ்வொரு பதிவோடும் சேர்ந்து வருகின்றன. இத்தகைய பெரிய மதிப்புகளை போஸ்ட்கிரெஸ் டோஸ்ட் என்னும் தனி இடத்தில் வைத்திருக்கும்; அந்த நெடுவரிசையைக் கேட்காவிட்டால் அங்கே போகவே போகாது. ஆகவே தேதி, பில் எண், எடை, தொகை என்று நான்கை மட்டும் எழுதுங்கள்.

அடுத்தது, மென்பொருளையும் தரவுத்தளத்தையும் இணைக்கும் டிரைவர். போஸ்ட்கிரெஸுக்கான ஜாவா ஜேடிபிசி டிரைவர் இயல்பாக எல்லாப் பதிவுகளையும் ஒரேயடியாக நினைவகத்தில் கொட்டிவிடும். ஒரு தவணைக்கு எத்தனை பதிவுகள் என்று சொல்லும் ஃபெட்ச் சைஸை 1000 என்று வைத்தால் தவணை தவணையாக எடுக்கும். ஆனால் ஒவ்வொரு கட்டளையையும் உடனுக்குடன் உறுதிசெய்யும் ஆட்டோகமிட் அணைக்கப்பட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் அந்த அமைப்பை எந்த எச்சரிக்கையும் தராமல் புறக்கணித்துவிடும்.

பக்கம் பக்கமாகக் காட்ட, இத்தனை பதிவுகளைத் தாண்டு என்று சொல்லும் ஆஃப்செட் பயன்படுத்துவதும் எனக்கு உடன்பாடில்லை. ஆஃப்செட் 100000, லிமிட் (எத்தனை பதிவுகள் வேண்டும்) 50 என்றால், 1,00,050 பதிவுகளைப் படித்து, முதல் லட்சத்தை வீசிவிட்டு மீதியைத் தருகிறது. மாறாக, கடைசியாகக் காட்டிய பில்லின் தேதியையும் எண்ணையும் வைத்துக்கொண்டு, அதற்கு அடுத்த 50 பதிவுகளைக் கேளுங்கள். தீபாவளி சமயத்தில் ஒரே தேதியில் ஏராளமான பில்கள் விழும் என்பதால் தேதி மட்டும் போதாது. இரண்டையும் சேர்த்த இண்டெக்ஸ் இங்கேதான் கைகொடுக்கும். நேராக முந்நூறாவது பக்கத்துக்குத் தாவ முடியாதுதான், ஆனால் எந்தக் கணக்குப்பிள்ளை அப்படித் தாவுகிறார்?

உண்மையில் கடைக்காரருக்கு வேண்டியது மாதவாரியான மொத்த எடை. மாதவாரியாகத் தொகுக்கும் குரூப் பை போட்டால் 12 பதிவுகள் வரும், வேலை முடிந்தது. அத்தனை பில்லையும் கேட்பவர் ஆடிட்டர் ஒருவர்தான். அவருக்குத் திரையே தேவையில்லை, காப்பி கட்டளையால் சிஎஸ்வி கோப்பாக எடுத்து அனுப்பிவிடலாம்.