வலிக்காத விஷம்

நேயர்களுக்கு வணக்கம். விஷம் என்றதும் வாயில் நுரை தள்ளி, தொண்டையைப் பிடித்துக்கொண்டு ஆள் சாய்வதுதான் நம் மனக்கண்ணில் வரும், சினிமா அப்படிப் பழக்கிவிட்டது. இயற்கையில் உள்ள கொடிய நஞ்சுகள் பலவும் இவ்வளவு ஆர்ப்பாட்டம் செய்வதில்லை, அதனால்தான் பலர் ஆஸ்பத்திரிக்குத் தாமதமாக வருகிறார்கள்.

உடம்பை உப்பவைத்துக்கொள்ளும் பேத்தை மீனை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள டெட்ரோடோடாக்சின் நம் நரம்புகளில் சோடியம் நுழையும் வாசலை அடைத்துவிடும், அதோடு நரம்புச் செய்தி நின்றுபோகும். முதலில் உதடும் நாக்கும் மரத்துப்போகும், அப்புறம் விரல்கள், பிறகு கை கால் தளர்ந்து கடைசியில் மூச்சுத் தசையும் ஓய்ந்துவிடும். ஆனால் நினைவு பெரும்பாலும் தப்பாது. பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழும், கண்ணிமையைக்கூட அசைக்க முடியாது. சமைத்தாலும் இந்த நஞ்சு அழியாது, மாற்று மருந்தும் கிடையாது. வென்டிலேட்டரில் வைத்து மூச்சைக் காப்பாற்றிவிட்டால், நஞ்சு தானாக வெளியேறி ஆள் எழுந்துவிடுவார். என்னைக் கேட்டால் இது கொஞ்சம் நேர்மையான விஷம்.

'மரணத் தொப்பி' என்று பேர் வாங்கிய காளான் அப்படியில்லை. சாப்பிட்டுப் பிழைத்தவர்களே ருசியாக இருந்தது என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். 6 முதல் 12 மணி நேரம் ஒன்றுமே தெரியாது, பிறகு கடும் வாந்தி, பேதி, அதுவும் ஓரிரு நாளில் அடங்கிவிடும். சரி, தப்பித்தோம் என்று வீட்டுக்குக் கிளம்பத் தோன்றும். அதே நேரத்தில் அந்தக் காளானின் நஞ்சான அமாடாக்சின் கல்லீரல் செல்களுக்குள் மரபணுவைப் படியெடுக்கும் நொதியைக் கட்டிப்போட்டிருக்கும், புதிய புரதம் உருவாகாமல் செல்கள் மடிந்துகொண்டிருக்கும். மஞ்சள் காமாலை தெரியும்போது சிலருக்குக் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சைதான் மிச்சம்.

ஆமணக்கு விதையின் ரிசினும் புரத உற்பத்தியைத்தான் நிறுத்தும், செல்லுக்குள்ளேயே வேறு இடத்தில். 1978-இல் லண்டனில் பல்கேரிய அரசை எதிர்த்த எழுத்தாளர் ஜார்ஜி மார்கோவின் தொடையில் ஒரு நுண்குண்டைச் செலுத்திக் கொன்றது இதைக் கொண்டுதான் என்று கருதப்படுகிறது.

மிகச் சிறிய அளவிலேயே கொல்வதில் இவை எல்லாவற்றையும் மிஞ்சுவது பொட்டுலினம், காற்றுப்புகாமல் கெட்டுப்போன உணவில் வளரும் பாக்டீரியா சுரப்பது. நரம்பு நுனியிலிருந்து தசைக்குப் போகவேண்டிய ரசாயனத்தை வெளியே விடாது. இமை தொங்கும், பார்வை இரட்டையாகும், பேச்சு குழறும். எதிர்மருந்து உண்டு, ஆனால் அது ரத்தத்தில் சுற்றும் நஞ்சை மட்டுமே பிடிக்கும். நரம்புக்குள் நுழைந்துவிட்டதை அதனால் தொட முடியாது, அந்த நரம்பு நுனிகள் மறுபடி வேலைக்கு வர வாரங்களோ மாதங்களோ ஆகும். முகச்சுருக்கத்துக்கு இதே நஞ்சைத் துளித்துளியாக ஊசி போடுகிறார்களே, அதன் பலன் சில மாதத்தில் தீர்ந்துபோவதும் இதே காரணத்தால்தான்.