விண்டோஸை அழிக்கும் முன்பே தெரிந்துகொள்ள முடியுமா? லினக்ஸில் விளையாட்டுகள்: நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். பட்டர்வொர்த்திலிருந்து ஓர் அம்மா அனுப்பிய கேள்வி இரண்டு நாள்களாக என் மனத்திலேயே நிற்கிறது. "ஐயா, விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால், நீங்கள் சொன்னபடி எங்கள் பழைய கணினியில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்னும் இலவச இயங்குதளத்தைப் போட எண்ணியிருக்கிறேன். நான்காம் படிவம் படிக்கும் என் மகனோ, தன் விளையாட்டுகள் ஓடும் என்று உறுதி சொன்னால்தான் கணினியைத் தொட விடுவேன் என்கிறான். விண்டோஸை அழிக்கும் முன்பே இதைத் தெரிந்துகொள்ள வழி உண்டா?" என்று கேட்டிருக்கிறார். ஸ்டார்டியூ வேலி, ஜிடிஏ 5, வேலரண்ட் என்று மூன்று பெயர்களையும் கொடுத்திருக்கிறார். கணினியில் எந்த வரைகலை அட்டை (திரையில் படம் வரையும் பாகம்) இருக்கிறது என்பதை மட்டும் எழுதவில்லை. தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு நான் அடுத்துச் சொல்லப்போவது தெரியும்: அட்டையின் பெயர் இல்லாமல் விளையாட்டின் பெயர் மட்டும் வந்தால், பாதிக் கேள்விதான் வந்திருக்கிறது.

ஸ்டார்டியூ வேலிக்கு லினக்ஸ் பதிப்பே இருக்கிறது. அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

விண்டோஸுக்காக மட்டும் செய்யப்பட்டவற்றை லினக்ஸில் ஓட்டுவது புரோட்டான். 1993 முதல் வளர்ந்துவரும் வைன் என்னும் மென்பொருளை அடித்தளமாகக் கொண்டு, விளையாட்டுகளை இணையத்தில் விற்கும் ஸ்டீம் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம் 2018 ஆகஸ்டில் அதை வெளியிட்டது. விளையாட்டு விண்டோஸின் டைரக்ட்3டி மொழியில் "இந்தச் சுவரை வரை" என்று கேட்கும். புரோட்டான் அதை வல்கன் என்னும் மொழிக்கு மாற்றி அட்டையிடம் கொடுக்கும். அட்டைக்கு வல்கன் எவ்வளவு தெரியும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இப்படி ஓட்டிப் பார்த்தவர்கள் தங்கள் அனுபவத்தைப் பதிந்துவைக்கும் தளம் புரோட்டான்டிபி. விளையாட்டின் பெயரைத் தேடினால் பிளாட்டினம், கோல்ட், சில்வர், பிரான்ஸ், போர்க்ட் (ஓடவே ஓடாது) என்று ஒரு தரம் கிடைக்கும். பெரும்பாலோர் அந்தப் பட்டத்தைப் பார்த்ததும் திரும்பிவிடுகிறார்கள். நானும் ஒருமுறை அப்படித்தான் செய்தேன். செந்தூலில் இருக்கும் என் அக்காள் மகன் ஒரு விளையாட்டைக் கேட்டபோது, பிளாட்டினம் என்று கண்டவுடன் "தாராளமாக ஓடும்" என்று சொல்லிவிட்டேன். அவன் நிறுவினான், திரை கறுப்பாகி நின்றது. இரண்டு இரவுகள் அவனோடு உட்கார்ந்த பிறகு, கட்டளைகளைத் தட்டும் சாளரமான முனையத்தில் 'வல்கன்இன்ஃபோ' (vulkaninfo) என்ற கட்டளையை இட்டோம். அது காட்டிய வரிகளில் 'ஏபிஐ வெர்ஷன்' என்பதற்கு எதிரே, அதாவது அட்டைக்குத் தெரிந்த வல்கன் பதிப்பாக, 1.2 என்று இருந்தது. அவனுடைய அட்டை என்விடியா நிறுவனம் 2012-இல் வெளியிட்ட ஜிடிஎக்ஸ் 660. அட்டையை இயக்கும் மென்பொருளுக்கு இயக்கி என்று பெயர்; அந்தத் தலைமுறைக்குக் கிடைக்கும் கடைசி இயக்கியான 470 வரிசை, வல்கன் 1.2-ஐத் தாண்டாது, புரோட்டான் 8 முதலோ 1.3 வேண்டும். ஸ்டீமில் அந்த விளையாட்டின் பண்புகளுக்குள் சென்று, பொருந்துமைப் பகுதியில் புரோட்டான் 7-ஐத் தேர்ந்தெடுத்தோம். ஓடியது. பிளாட்டினம் என்று எழுதியவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை; அவர்களுடைய அட்டை வேறு, அவனுடைய அட்டை வேறு.

ஆகவே, அம்மா, முதலில் விண்டோஸின் தேடல் பெட்டியிலேயே 'டிஎக்ஸ்டியாக்' (dxdiag) என்று தட்டி அட்டையின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பட்டத்தை விட்டுவிட்டு, அதன் கீழே உள்ள பதிவுகளில் அதே அட்டையை, அல்லது அதே தலைமுறையைச் சேர்ந்த ஒன்றை வைத்திருப்பவர் எழுதியதைத் தேடுங்கள். மின்ட்டை ஒரு பென்டிரைவில் ஏற்றி, எதையும் அழிக்காமல் அதிலிருந்தே கணினியைத் துவக்கி, வல்கன்இன்ஃபோவை நிறுவிப் பார்க்கவும் முடியும். அங்கே அட்டையின் பெயருக்குப் பதிலாக 'எல்எல்விஎம்பைப்' என்று மட்டும் வந்தால், படம் வரையும் வேலையை அட்டை செய்யவில்லை, செயலியே சுமக்கிறது என்று பொருள். ஆனால் என்விடியா அட்டையாக இருந்தால் அதன் சொந்த இயக்கி பென்டிரைவில் இராது என்பதால், அதை மட்டும் வைத்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள்.

பதிவின் தேதியையும் பாருங்கள். ஜிடிஏ 5-இன் இணைய ஆட்டம் 2024 செப்டம்பர் வரை லினக்ஸில் ஓடியது. அந்த மாதம் பேட்டில்ஐ என்னும் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளைச் சேர்த்தார்கள். அதோடு லினக்ஸ்காரர்களுக்குக் கதவு அடைபட்டது. தனியாக ஆடும் கதை இன்றும் ஓடுகிறது. இத்தனைக்கும், தயாரிப்பாளர் அனுமதித்தால் புரோட்டானில் இயங்கும் வசதி 2021 முதலே பேட்டில்ஐயில் இருக்கிறது. அனுமதிப்பதும் மறுப்பதும் தயாரிப்பாளர் கையில்தான். இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் செய்தி. கணினி தயார், அட்டை தயார், அனுமதி மட்டும் இல்லை.

வேலரண்ட் ஓடாது. அதன் வேன்கார்ட் காவல் மென்பொருள், கணினி துவங்கும்போதே விண்டோஸின் உள்மையமான கர்னலுக்குள் போய் உட்கார்வது. லினக்ஸில் அதற்கு இடமே இல்லை. எந்த அட்டை வாங்கினாலும் இது மாறாது என்பதால், மகனிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவனுக்கு அதுதான் உயிர் என்றால் விண்டோஸை அழிக்காமல், வேறொரு வட்டில் மின்ட்டைப் போடுங்கள்.

யாரும் கேட்காத ஒரு கேள்வியை நான் எதிர்பார்த்துக்கொண்டே இருக்கிறேன்: "ஐயா, ஓடிவிட்டது, இனி நான் என்ன செய்ய வேண்டும்?" புரோட்டான்டிபியில் நீங்களும் ஒரு பதிவு எழுத வேண்டும். அட்டை, இயக்கி, புரோட்டான் பதிப்பு, எங்கே தடுமாறியது, எதை மாற்றியதும் சரியானது, இவ்வளவு போதும். ஜிடிஎக்ஸ் 660 வைத்திருந்த யாரோ ஒருவர் புரோட்டான் 7 பற்றி இரண்டு வரி எழுதியிருந்ததை நாங்கள் முதல் நாளே படித்திருந்தால், அந்த இரண்டு இரவுகள் மிச்சம். அன்று இரவே அவனையே ஒரு பதிவு எழுத வைத்தேன்.

அம்மா, அட்டையின் பெயரை எனக்கு எழுதி அனுப்புங்கள். ஜிடிஏ 5-இன் பதிவுகளை அடுத்த வாரம் உங்கள் அட்டையை வைத்தே, திரையில் காட்டி, ஒவ்வொன்றாகப் படித்துப் பார்ப்போம்.