பெயர் ஓடி முடிவதற்குள்

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கப் பள்ளிக்கூடப் படங்களில் டைட்டிலை, அதாவது தொடக்கத்தில் பெயர்கள் ஓடும் பகுதியை, தவறவிட்டால் பாதி அறிமுகம் போயிற்று. அலாரம், படுக்கையறைச் சுவரில் போஸ்டர், மஞ்சள் பேருந்து, லாக்கர் வரிசை. யார் நாயகன், எந்தக் கூட்டம் அவனை ஒதுக்குகிறது என்பதெல்லாம் பெயர்கள் ஓடி முடிவதற்குள் விளங்கிவிட வேண்டும். பாட்டும் அப்படித்தான். 1955இல் 'பிளாக்போர்டு ஜங்கிள்' டைட்டிலில் 'ராக் அரவுண்ட் தி க்ளாக்' ஒலித்தபோதே இது பெரியவர்களுக்கான இசையல்ல என்று தெரிந்துபோனது.

'நெப்போலியன் டைனமைட்' 2004இல் வந்தது. உடை, முடி, வீட்டுச் சாமான் எல்லாம் எண்பதுகளின் சாயல். முதலில் பார்த்தவர்கள் கதை எந்த ஆண்டில் நடக்கிறது என்று குழம்பினார்கள். பிறகுதான் டைட்டிலைப் படமாக்கிச் சேர்த்தார்கள். சாப்பாட்டுத் தட்டுகளில் பெயர்கள் வரும். நடுவே 2004–2005 என்று அச்சிட்ட மாணவர் அடையாள அட்டை. வசனம் ஏதுமில்லை, குழப்பம் தீர்ந்தது.

'ஜூனோ'வில், 2007, நாயகி நடப்பதைப் புகைப்படங்களாக எடுத்து, நகல் இயந்திரத்தில் திரும்பத் திரும்பப் பிரதியெடுத்து, கத்தரித்து அசையவிட்டார்கள். நகலுக்கு நகல் எடுக்க எடுக்கக் கறுப்பு திட்டுத்திட்டாகும், இடைப்பட்ட சாம்பல் நிறங்கள் மறையும். வேண்டியது அந்தக் கரடுதான்.

பாட்டின் தாளத்தோடு பொருந்த டைட்டிலை வெட்டித் தொகுப்பவர்கள் சறுக்கும் இடம் கணக்கு. படத்தில் வினாடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனிப் படங்கள். பாட்டின் தாளம் நிமிடத்துக்கு 120 தட்டு (பீட்) என்றால் ஒரு தட்டுக்குச் சரியாக 12 ஃபிரேம். ஒரு பெயர் திரையில் நிற்கும் கார்டுக்கு எட்டுத் தட்டு, 96 ஃபிரேம், நான்கு வினாடி. பெயரை நிதானமாக இரண்டு முறை படிக்கலாம். அதே பாட்டு 118 தட்டாக இருந்தால்? எட்டுத் தட்டுக்கு 97.6 ஃபிரேம் வேண்டும். 96 என்றே வெட்டிக்கொண்டு போனால் 25ஆவது கார்டு முடியும்போது படம் பாட்டைவிட 40 ஃபிரேம் முந்திவிடும். ஒன்றரை வினாடிக்கும் மேல். யார் காதுக்கும் உறுத்தும். ஒலித்தடத்தில் தட்டுத்தட்டாகக் குறியிட்டு, அந்தக் குறியில் வெட்டுங்கள்.

இன்னொன்று கையெழுத்து. நோட்டுப் புத்தகத்தில் கிறுக்கியதுபோல் காட்டக் கணினி எழுத்துருவைப் போடுகிறார்கள். ஒரே பெயரில் ஓர் எழுத்து இரண்டு முறை வந்து, இரண்டும் அச்சு அசலாக இருந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஒவ்வொரு பெயரையும் தாளில் எழுதி ஸ்கேன் செய்ய ஒரு பிற்பகல் போதும். பேனாவை மட்டும் பாதியில் மாற்றாதீர்கள். கோட்டின் தடிமன் கார்டுக்குக் கார்டு துள்ளும்.