தபால்காரரிடம் சில முகவரிகள்

(கிளை நூலக வாசகர் வட்டத்தில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். பேச்சை 6.50க்கு முடித்துவிடுவேன் என்று நூலகர் அம்மாவிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். "ஏன் சார், பஸ்ஸுக்கு நேரமாகிவிடுமா?" என்றார். பஸ்ஸுக்கு இல்லை. எதற்கென்று கடைசியில் சொல்கிறேன்.

எனக்குக் கொடுத்த தலைப்பு 'பயனுள்ள இணையதளங்கள்'. இங்கே இருக்கிற எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. ஆனால் நாம் யாரும் இணையத்தில் எங்கேயும் போவதில்லை, எல்லாம் நம்மிடம் வந்து விழுகிறது. ஒரு வீடியோ முடிந்தால் அடுத்தது தானாக ஓடுகிறது. முகவரியே எழுதாத தபாலை யாரோ மூட்டை மூட்டையாக நம் வாசலில் கொட்டிவிட்டுப் போகிறார்கள். நாமும் ராத்திரி பதினோரு மணிவரை பிரித்துக்கொண்டே இருக்கிறோம். எனக்கு அது சரிப்படவில்லை. முகவரியைத் தெரிந்துகொண்டு, கதவைத் தட்டி, வந்த வேலையை முடித்துவிட்டுத் திரும்புவதுதான் என் பழக்கம். அப்படிப் போய்வரும் சில வீடுகளைச் சட்டைப்பை டைரியில் குறித்து வைத்திருக்கிறேன்.

முதலில் என் மானம் போன கதை. போன வருஷம் நிலத்துக்குப் பட்டா நகல் தேவைப்பட்டது. தேடினேன், முதலில் வந்த தளத்தைத் தொட்டேன், சர்வே எண் கொடுத்தேன். 300 ரூபாய் கேட்டது, கட்டினேன். பட்டா வரவில்லை. தமிழ்நாடு அரசின் இ-சேவைத் தளத்தில் பட்டா, சிட்டாவைப் பார்வையிடக் காசே கிடையாது என்று அப்புறம் பேத்தி சொல்லித்தான் தெரிந்தது. முகவரி 'ஜிஓவி டாட் ஐஎன்' என்று முடிகிறதா என்று பார்த்திருந்தால் போதும். 31 வருஷம் பின்கோடு பார்த்தே கடிதம் பிரித்தவன், அதைப் பார்க்கவில்லை!

சரி, சந்தோஷமான விஷயத்துக்கு வருவோம். பறவைகள். ஈபேர்ட் என்று ஒரு தளம். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் கூடம் இன்னொரு அமைப்போடு சேர்ந்து 2002ல் தொடங்கியது. காலையில் மொட்டைமாடியில் நாற்காலி போட்டு 15 நிமிஷம் உட்காருவேன். கண்ணில் பட்டது, காதில் கேட்டது எல்லாவற்றையும் எண்ணிக்கையோடு எழுதுவேன். காக்கை 9, மைனா 4, செம்போத்து 1, கரிச்சான் 2, இப்படி. அனுப்புமுன் அது ஒரு கேள்வி கேட்கும்: அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் எழுதினீர்களா, இல்லை, சிலதை விட்டுவிட்டீர்களா? முதலில் எனக்கு இது அதிகப்பிரசங்கித்தனமாகப் பட்டது. யோசித்தால்தான் சூட்சுமம் புரிகிறது. எல்லாவற்றையும் எழுதினேன் என்று நான் சொன்னால், பட்டியலில் சிட்டுக்குருவி இல்லை என்பதும் ஒரு தகவல் ஆகிவிடுகிறது. என் மாடியில் வராதது, உங்கள் தெருவில் வராதது என்று ஆயிரக்கணக்கான பட்டியல்கள் சேரும்போது, குருவி எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று ஆராய்ச்சியாளர்களுக்குத் தெரிகிறது.

ஒருநாள் தவிட்டுக்குருவி 7 என்று அடிப்பதற்குப் பதில் 77 என்று அடித்துவிட்டேன். உடனே, இந்த எண்ணிக்கை உங்கள் பகுதிக்கு அதிகமாக இருக்கிறதே, உறுதிதானா என்று கேட்டது. எங்கள் போஸ்ட் மாஸ்டர்கூட அப்படி மடக்கியதில்லை. பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்க இதே தளத்தில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. 2015லிருந்து நடத்துகிறார்கள். கரும்பு கடித்துக்கொண்டே செய்யலாம். பெயர் தெரியாத பறவை கூவினால், அதே கூடத்தின் மெர்லின் செயலியைத் திறந்து வையுங்கள். குரலைக் கேட்டு இன்ன பறவையாக இருக்கலாம் என்று சொல்லும். அது சொல்வதை அப்படியே நம்பி எழுதிவிடாதீர்கள், கண்ணாலும் பாருங்கள்.

அடுத்தது சொல் தேடுகிறவர்களுக்கு. எங்கள் ஆத்தா சோற்றுப்பானையை இறக்கினால், "பிரிமணையை எடுத்துப் போடுடா" என்பாள். பானை உருளாமல் இருக்க அடியில் வைக்கிற வைக்கோல் வளையம். பேத்திக்கு அந்தச் சொல்லும் தெரியாது, அந்தப் பொருளும் தெரியாது. சிகாகோ பல்கலைக்கழகம் தெற்காசிய அகராதிகளை இணையத்தில் ஏற்றி வைத்திருக்கிறது. அதில் நம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனும் உண்டு. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, 1939ல் ஒரு அனுபந்தம். தலையணை தலையணையாக இருக்கும், இந்த நூலகத்தில்கூட முழு செட் கிடையாது. அது உள்ளங்கையில் திறக்கிறது. பேத்தியும் நானும் உட்கார்ந்து தேடினோம். புரி என்றால் முறுக்கிய வைக்கோல். அதனால் செய்த மணை புரிமணை, பேச்சில் பிரிமணை ஆகிவிட்டது. ஒரு சொல்லுக்குப் போனவர்கள் பத்துச் சொல்லோடு, ஒன்றரை மணிநேரம் கழித்துத்தான் வெளியே வந்தோம். சோறு ஆறிப்போனது வேறு கதை.

பழைய நூல்களுக்கு மதுரைத் திட்டம். சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் என்ற விஞ்ஞானி 1998 பொங்கலன்று தொடங்கியது. சங்க இலக்கியத்திலிருந்து பாரதி வரை, பல நாட்டுத் தமிழர்கள் சம்பளம் வாங்காமல் தட்டச்சு செய்து, பிழை பார்த்து ஏற்றியிருக்கிறார்கள். இலங்கைத் தமிழ் எழுத்துக்கு நூலகம் என்ற பெயரிலேயே ஒரு தளம், 2005லிருந்து. பழைய பத்திரிகை, கோயில் மலர், பள்ளிக்கூட ஆண்டு மலர் என்று எதையும் விடாமல் ஸ்கேன் செய்து வைக்கிறார்கள். 1981ல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அதை நினைத்துக்கொண்டு அந்தத் தளத்தைத் திறந்து பாருங்கள், ஒரு பள்ளிக்கூட மலரைக்கூட ஏன் சேர்க்கிறார்கள் என்பது புரியும்.

சதுரங்கம் ஆடுகிறவர்களுக்கு லிசெஸ். விளம்பரம் கிடையாது, கட்டணம் கிடையாது, நன்கொடையில் ஓடுகிறது. அதில் வரும் புதிர்கள் யாரோ இரண்டு பேர் நிஜமாக ஆடிய ஆட்டத்திலிருந்து எடுத்தவை. தினமும் மூன்று போடுவேன், இரண்டில் தோற்பேன். பாட்டுப் பிரியர்களுக்கு ரேடியோ கார்டன்: பூமி உருண்டையைச் சுற்றிவிட்டு, பச்சைப் புள்ளி ஒன்றைத் தொட்டால் அந்த ஊர் வானொலி பாடும். பாஷை புரியாத ஊரில் விளம்பரம் கேட்பது தனி வேடிக்கை.

ஐப்பசி, கார்த்திகை வந்தால் விண்டி. காற்று எங்கிருந்து எங்கே போகிறது என்று கோடு கோடாக ஓடும். வானிலையைக் கணிக்கிற கணினி மாடல்களை, ஐரோப்பிய மாடல், அமெரிக்க மாடல் என்று மாற்றி மாற்றிப் பார்க்கலாம். ஒன்று புயலை நாகப்பட்டினத்துக்கு அனுப்பும், இன்னொன்று நெல்லூருக்கு. இரண்டும் ஒத்துப்போகும்வரை வாட்ஸப்பில் யாருக்கும் எதையும் அனுப்பாதீர்கள். ஒத்துப்போனாலும் அனுப்பாதீர்கள், எச்சரிக்கை விடுவது வானிலை ஆய்வு மையத்தின் வேலை. நாம் வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவுதான்.

இப்போது 6.50 விஷயம். ஹெவன்ஸ் அபவ் என்று ஒரு தளம். அலங்காரமே கிடையாது, ரயில்வே கால அட்டவணை மாதிரி இருக்கும். நம் ஊரைக் குறித்துக் கொடுத்தால், சர்வதேச விண்வெளி நிலையம் என்றைக்கு, எத்தனை மணிக்கு, எந்தத் திசையில் நம் தலைக்கு மேலே போகும் என்று சொல்லிவிடும். ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரம், ஒன்றரை மணிநேரத்துக்கு ஒரு தடவை பூமியைச் சுற்றுகிறது. நமக்கு இருட்டிவிட்டாலும் அந்த உயரத்தில் இன்னும் வெயில் இருக்கிறது. அதனால் பொழுது சாய்ந்த கொஞ்ச நேரத்துக்கும், விடிவதற்குச் சற்று முன்னாலும் பளிச்சென்று தெரியும். பிரகாசம் என்ற இடத்தில் எண் மைனஸில் போகப்போக வெளிச்சம் அதிகம். அடிவானத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் தெரியும் என்பதை டிகிரியில் போட்டிருப்பார்கள். பயப்பட வேண்டாம். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால், ஒரு முஷ்டி அகலம் சுமார் 10 டிகிரி.

இன்று 6.54க்கு வடமேற்கில், ஒரு முஷ்டி உயரத்தில் கிளம்புகிறது. பிரகாசம் மைனஸ் மூன்றையும் தாண்டுகிறது, அவ்வளவு வெளிச்சம். விமானம் மாதிரி மினுக்காது, சத்தமும் இருக்காது, சீராக நகரும். நடுவானத்தைத் தாண்டி, பூமியின் நிழலில் நுழைந்ததும் பாதி வழியில் சட்டென்று அணைந்துபோகும். அதற்குள் கீழே குனிந்து போட்டோ எடுக்க முயற்சி செய்யாதீர்கள்.

நூலகர் அம்மா மாடிச் சாவி கொடுத்துவிட்டார். படி கொஞ்சம் செங்குத்து, பெரியவர்கள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வாருங்கள். மணி இப்போது 6.48.